சுவிஸ் முதலாளியும் எங்கள் நெல் மில்லும்

சாய்ந்தமருதில் எங்கள் வாப்பாவிடம் ஒரு நெல் மில் இருந்தது. அது எனக்குத்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பெல்ட் அறுந்தால் தைப்பவன் நான், தவிட்டுத் தூசியில் இருமுபவனும் நான். வாப்பாவோ அதைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதப்போவதாகக் கதைத்துக்கொண்டு திரிந்தார். எங்கள் பக்கத்தில் சொத்து பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதைகள் கொஞ்சம் திறந்திருந்த நாட்களில், எங்கள் மெஷினைச் செய்த குடும்பக் கம்பனியின் முதலாளி சுவிஸிலிருந்து வந்து இறங்கினார். அவர்களுடைய அந்தக் காலத்து மெஷின் ஒன்று இங்கே இன்னும் ஓடுகிறது என்று கொழும்பில் யாரோ சொல்லிவிட்டார்களாம். மனிதர் வந்த கையோடு மெஷினில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நிமிர்ந்தபோது பாதி முகம் தவிடு.

"மெஷினுக்கு நாடி பாக்காருடா," என்றார் வாப்பா.

பகல் சோற்றுக்கு வாப்பாவும் அவரும் நானும் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். வட்டிலப்பத்தை மூன்று தடவை கேட்டு வாங்கினார் சுவிஸ்காரர். வாப்பாவுக்கு ஆளை நல்லாகப் பிடித்துப்போனது. இங்கிலிஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"கம்பனி இவருக்கு எப்பிடிக் கெடச்சதாம்? கேளு மனே."

கேட்டேன். மாமனார் கொடுத்தாராம்! மகளைக் கட்டியதால் கம்பனியும் வந்ததாம். இதை அப்படியே சொன்னால் மில் போனதுதான்.

"அவர்ர வாப்பா குடுத்தாராம்," என்றேன். "அங்க எல்லாம் ஆம்புளப் புள்ளைக்குத்தானாம்."

வாப்பா கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு யோசித்தார். நான் உள்ளுக்குள் துஆ கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து மனிதர் பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். தொழிற்சாலை வாசலில் ஒரு கிழவர், மணப்பெண், மாப்பிள்ளைக் கோட்டில் இவர். கிழவரைத் தொட்டார், பெண்ணைத் தொட்டார், தன் மோதிரத்தைக் காட்டினார், பிறகு நெஞ்சில் தட்டிக்கொண்டு மில் பக்கம் கையை நீட்டினார்.

"அல்லாஹ்வே! பொண்டாட்டிட வாப்பா குடுத்தது! இவரு நம்மட ஊரு மாப்புளடா!"

வாப்பா எழும்பிக் கட்டிப்பிடித்தார். எதற்கென்று தெரியாமலே சுவிஸ்காரரும் கட்டிப்பிடித்தார். தவிடு இப்போது வாப்பாவின் தாடியில்.

பிறகு வாப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டா பொய் சென்னாய்?"

"மில்லு எனக்கு வேணும் வாப்பா." வெட்கக்கேடு, பச்சைப்பிள்ளை போல அழுதுவிட்டேன்.

வாப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "இத முன்னமே சென்னா என்ன மனே? போன கிழமதான் எழுதி முடிச்சன். இனி உன்ட தங்கச்சிட்டத்தான் கேக்கணும்."

தங்கச்சி கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"தரமாட்டன் காக்கா. வேணுமெண்டா மில்லுல சம்பளத்துக்கு நில்லுங்க."

நின்றேன். இன்னும் நிற்கிறேன்.