மிஷின் அட்டையில் என் நாட்கள்

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறவள். எழுபது படுக்கை. விரிப்பு, தலையணை உறை, துவாலை என்று ஒரு நாளைக்கு ஒரு மலை வரும், ஒரு மலை போகும். ஒரு விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அது தேநீர்க் கறையா, மருந்துக் கறையா, கறை பட்டு எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். அப்படிப்பட்ட கெட்டிக்காரி, சொந்த உடம்பு விஷயத்தில் ஒன்றரை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்துவிட்டேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. முன்பெல்லாம் மாதவிலக்கு நாள் தவறாமல் வரும், ஐந்தாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். நாற்பத்தைந்து தாண்டியதும் அதற்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. ஒரு தடவை ஆறு வாரம் கழித்து வந்து பதினொரு நாள் தங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்தால் பதினைந்தாம் நாள் மறுபடியும் வாசலில் நிற்கிறது. அதற்கப்புறம் இரண்டரை மாதம் ஆளைக் காணோம். சரி, நின்றேவிட்டது என்று சந்தோஷப்பட்டு, பெட்டியிலிருந்து வெள்ளைப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கே வந்தது. வெள்ளைக்காகவே காத்திருந்த மாதிரி.

என்கூட வேலை செய்கிறவள் துணி மடிக்கிறவள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். அவளிடம் ஒரு தடவை லேசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"இந்த வயசுல நாள் முன்னபின்ன ஆகுமாடி?"

"ஆகும் ஆகும். எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு வருஷம் அப்படித்தான். அப்புறம் நின்னுது, ஆளு பூசணிக்கா மாதிரி ஆயிட்டாங்க. உனக்கு என்ன, இப்பவே பாதிப் பூசணிதானே."

அத்தோடு வைத்தியம் முடிந்தது. பெரியம்மாவுக்கு எவ்வளவு போயிற்று, எத்தனை நாள் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கடவுளிடம் சொன்னேன். காலையில் கண் விழித்ததும் பத்து நிமிஷம் ஜெபம் பண்ணாமல் நான் தரையில் கால் வைக்கமாட்டேன். படுக்கையில் கிடக்கிற எழுபது பேருக்கும், மூட்டுவலிக்காரருக்கு மூட்டு, இருமல்காரருக்கு நெஞ்சு என்று உறுப்பு உறுப்பாகப் பேர் சொல்லி வேண்டுவேன். என் முறை வரும்போது மட்டும் "ஆண்டவரே, அந்த விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். கர்ப்பப்பையைப் படைத்தவரிடமே அந்தப் பேரைச் சொல்ல வெட்கப்பட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதில் நான் ஒழுங்காகச் செய்தது ஒன்றே ஒன்று, நாள் குறித்து வைத்தது. சாதாரண நாளுக்குப் பென்சிலால் வெறும் வட்டம். அதிகமாகப் போகிற நாளுக்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம். முதலில் வீட்டு நாட்காட்டியில்தான் குறித்தேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். தன்னுடைய ஷிப்டை அதே நாட்காட்டியில்தான் எழுதுவார். ஒரு நாள் "இது என்ன வட்டம்?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷன். உண்மையைச் சொன்னால் என்ன? என் வாயில் வந்தது, "பால் வராத நாள்." மறுநாள் அவர் பால்காரரை வாசலில் நிறுத்தி, மாதத்தில் பதினொரு நாள் பால் போடாத அநியாயத்தைக் கேட்டார். பால்காரர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் புத்தி வந்ததா? வந்தது, தப்பாக வந்தது. வட்டங்களை வேலை இடத்துக்கு மாற்றினேன். எங்களிடம் துவைக்கிற மிஷின் இரண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கயிற்றில் ஒரு அட்டை தொங்கும். மிஷினில் கோளாறு வந்தால் தேதிக்கு நேரே குறித்து வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் மிஷின் என் பொறுப்பு. அதன் அட்டையை என்னைத் தவிர யாரும் வருஷக்கணக்காகத் திருப்பிப் பார்த்ததில்லை. இதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். மறுபடியும் ஆரம்பித்தது. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று, பதினைந்தும் தாண்டியது. மணிக்கு ஒரு தரம் பேடு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேடைச் சேர்த்து வைத்தாலும் நிற்கவில்லை. பெரிய பெரிய கட்டியாக விழுந்தது. ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் பாதிப் படியிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும், காதில் இரைச்சல் கேட்கும். வெயிலில் நின்றாலும் குளிரும். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? எனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று. சோம்பலை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் புது மேலாளர் வந்தார். எதைக் கேட்டாலும் "எழுத்துல இருக்கா?" என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் ரிஜிஸ்டர் சார். வந்த மூன்றாம் நாள் துவைக்கிற அறைக்கு வந்து, நேராக இரண்டாம் மிஷினிடம் போய் அட்டையைத் திருப்பினார்.

"என்னம்மா இது? ஒன்றரை வருஷமா வட்டம் வட்டமா இருக்கு?"

உண்மை சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம். பால் விஷயத்தில் பட்டும் திருந்தாத நாக்கு, "அது... மிஷின் ஒழுகின நாள் சார்" என்றது.

"கறுப்பு வட்டம்?"

"ரொம்ப ஒழுகின நாள்."

"பதினாறு நாளா தொடர்ந்து ஒழுகுது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல! நல்லவேளை, எழுத்துல இருக்கு." அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும். பத்து வருஷமாக எங்கள் மிஷின்களைப் பார்க்கிறவர், அமைதியான மனுஷன். அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்.

"எப்ப ஆரம்பிச்சுதுக்கா?"

"ஒன்றரை வருஷம் இருக்கும் தம்பி."

"தினமும் இருக்குமா?"

"இல்ல. சில சமயம் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணும் இருக்காது. அப்புறம் ஒரேயடியா."

"சொட்டு சொட்டாவா, கொட்டுதா?"

"கொட்டுது. மணிக்கு ஒரு தரம் மாத்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "மணிக்கு ஒரு தரம் துடைக்கணும்."

"கட்டி கட்டியா ஏதாவது வருதா? சோப்புத்தூள் மாதிரி?"

"வருது தம்பி." சோப்புத்தூள் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

அவர் அட்டையைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு இருந்தும் யார்கிட்டயும் காட்டலையா?"

"தானா சரியாயிடும்னு நினைச்சேன்."

"எதுக்கா தானா சரியாகும்? ஒரு வாரத்துக்கு மேல ஒழுகினாலே கூப்பிட்டிருக்கணும். ஒரு நாள் அப்படியே நின்னுபோயிருக்கும், தெரியுமா?"

அவர் மிஷினைப் பிரித்தார். நானும் மடிக்கிறவளும் துவாலைகளைக் கையால் துவைத்தோம். முதல் நாள் எப்படியோ தள்ளிவிட்டேன். இரண்டாம் நாள் தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மகாராணி உக்காந்தாச்சு. நான் ஒருத்தி பிழியறேன், நீங்க வேடிக்கை பாருங்க" என்றாள் மடிக்கிறவள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துவாலையைக் கீழே போட்டாள். "ஏய், என்னடி இது? உதடெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல, காலையில சரியா சாப்பிடல" என்றேன். மூன்றாவது பொய்.

அன்றைக்குச் சாயந்தரம் மெக்கானிக் எல்லாவற்றையும் மறுபடி பூட்டிவிட்டு, மேலாளர் முன்னால் தண்ணீர் ஓடவிட்டுக் காட்டினார்.

"சார், ஒவ்வொரு குழாயா பாத்துட்டேன். ஒரு சொட்டு ஒழுகல. மிஷின்ல ஒரு குறையும் இல்ல."

ரிஜிஸ்டர் சார் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது என்ன? எழுத்துல இருக்கு. பத்து வருஷமா பாக்கறேன்னு சொல்றீங்க, இந்த அம்மா கண்ணுக்குத் தெரிஞ்சது உங்க கண்ணுக்குத் தெரியல. நாளையிலிருந்து வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறோம். நீங்க வர வேண்டாம்."

அந்த மனுஷன் ஸ்பானரை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பால்காரர் என்றால் ஒரு காலைச் சண்டையோடு போயிற்று. இவருடைய பிழைப்பையே நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு கண்ணை மூடி ஜெபம் பண்ணுவது?

"சார், அவரை அனுப்பாதீங்க. அந்த வட்டமெல்லாம் மிஷினோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"என்னோடது."

மேலாளர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். புரிந்ததும் காதுமடல் வரை சிவந்து, அட்டையைச் சூடான சட்டி மாதிரி சட்டென்று மேஜை மேல் வைத்தார். நான் பூமி பிளக்குமா என்று பார்த்தேன். அது பிளக்கவில்லை. சிமென்ட் தரை.

முதலில் பேசியது மெக்கானிக்தான். கோபமாகத்தான் பேசுவார் என்று நினைத்தேன். "பதினெட்டு நாளா, அக்கா?" என்றார். "மணிக்கு ஒரு தரமா?" நான் தலையை ஆட்டினேன். அவர் மேலாளர் பக்கம் திரும்பி, "சார், சிஸ்டரைக் கூப்பிடுங்க. இப்பவே" என்றார்.

இல்லத்து நர்ஸ் மேல்மாடியிலிருந்து வந்தார். பதினாறு வருஷமாக அவருடைய வெள்ளைக் கோட்டை நான்தான் துவைக்கிறேன். ஒரு நாளும் இதை அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"படியேறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குது சிஸ்டர். சோம்பேறித்தனம்..."

"சோம்பேறித்தனமா! உடம்புல ரத்தமே இல்லம்மா உங்களுக்கு. ஏழு நாளைத் தாண்டினா காட்டணும். மணிக்கு ஒரு பேடு நனைஞ்சு, ரெண்டு மணி நேரம் அப்படியே போனா அன்னிக்கே ஓடணும். நீங்க பதினெட்டு நாள் விரிப்பு அலசிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

மேலாளர் இல்லத்து வண்டியைக் கொடுத்தார். சிஸ்டர் அந்த அட்டையையும் என் கையில் கொடுத்து அனுப்பினார். மெக்கானிக்கிடம் மன்னிப்பும் கேட்டார். அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டையைக் கொடு என்று வாங்கிப் பார்த்தார். மேலே "இயந்திரம் எண் இரண்டு" என்று அச்சடித்திருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இவ்வளவு தெளிவா யாரும் குறிச்சுட்டு வர்றதில்ல" என்றார். ரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. வயிற்றை ஸ்கேன் பண்ணியதில் கர்ப்பப்பையில் ஒரு கட்டி, உள்சுவரும் தடித்திருந்தது.

"இந்த வயசுல நாள் தள்ளிப்போறதும் முன்னாடி வர்றதும் சகஜம்தான்" என்றார். "ஆனா இப்படிக் கொட்டுறது சகஜம் இல்ல. இதை வயசு மேல போடாதீங்க. உள்சுவர்ல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். கெட்டது எதுவும் இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு வாரம் ஆகும்."

ரத்தம் ஏற்றினார்கள். போக்கை நிறுத்த மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாள் நின்றது. ஆனால் அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அதில் நான் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. கெட்டது என்றால் எது என்று எனக்குத் தெரியும். ஆகவே சாகத் தயாரானேன். வீட்டுக்காரரை உட்காரவைத்து, எனக்கப்புறம் அவர் யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாரைக் கட்டிக்கொள்ளக்கூடாது என்று சொன்னேன். அவர் பஸ் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "லிஸ்ட்ல ஒருத்தியும் எனக்குப் பிடிக்கல, நீயே இரு" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருள் ஒரு நீலக் கம்பளிச் சால்வை. அதை என் தங்கையைக் கூப்பிட்டு, அழுதுகொண்டே அவள் தோளில் போட்டு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினேன்.

எட்டாம் நாள் டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்தார். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்த பிடியில் அங்கே தடம் விழுந்தது.

"கெட்டது எதுவும் இல்லம்மா. மாத்திரையிலயே கட்டுப்படுத்திப் பாக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை விடாம சாப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல மறுபடி கொட்டுச்சுன்னா தேதி பாக்காம வரணும், தெரியுதா?"

தெரிந்தது. அழுதேன், நன்றி சொன்னேன், மாத்திரை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் குளிரெடுத்தது. அப்போதுதான் சால்வை ஞாபகம் வந்தது.

தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அதைப் போர்த்திக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்டி. அதனால அந்தச் சால்வையை..."

"குடுத்தது குடுத்ததுதான். ஆசீர்வாதம் வேற பண்ணின."

"செத்துப்போயிடுவேன்னு நினைச்சுக் குடுத்தேன்."

"அதுக்கு நான் என்ன பண்ண? நீ சாகாதது உன் தப்பு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள். நாற்பத்தொரு வயதுதான் அவளுக்கு.

"அக்கா, எனக்கு அஞ்சு மாசமா வரவே இல்ல. அதுக்கு முன்னாடியும் நினைச்சா வரும், நினைச்சா வராது. குழந்தை இல்லைன்னு பாத்தாச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. அந்த டாக்டரம்மா திட்டுவாங்களா?"

"என்னையே திட்டல."

அவள் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் நீட்டவில்லை.

"நாளைக்கு என்கூட வா. அவங்க ரூமை விட்டு வெளியில வந்ததும் தர்றேன்" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை, எனக்கு வேலை நாள். காலையிலேயே போய் ரிஜிஸ்டர் சாரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். தங்கையை மாதவிலக்குக் கோளாறுக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னேன். அவர் காது சிவந்தபடியே, அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.