பதேரி கொடுத்த வெல்லம்

எங்கள் ஊர் தனோரியில் பதேரி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் யாரும் இல்லை. பால் வாங்க வருகிறவன் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை ஒரு நாளாவது அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். நான் இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. எனக்கு விழுந்த வசவுகளை அடுக்கியிருந்தால் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம். ஆனாலும் அவளைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதேரி என்றால் இங்கே ‘போதும்’ என்று அர்த்தம். அவள் பிறந்த ஊர் ரத்தன்வாஸ். வீட்டில் மூத்தவர் சாந்த்கி அண்ணன் ஒருவர்தான் ஆண்பிள்ளை. அவருக்குப் பின் வரிசையாகப் பெண்களாகவே பிறக்க, கடைசியாக வந்தவளுக்கு அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டார். அக்காவே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

“கடவுள் காதுல விழட்டும்னு வெச்ச பேரு. அவர் காதுல விழுந்துச்சோ இல்லையோ, ஊர் காதுல நல்லா விழுந்துச்சு. அதுக்கப்புறம் எவ வீட்லயும் பொண்ணே பொறக்கல!”

சிரிப்புக்குச் சொன்னாலும் நிஜம் அதுதான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் மெஷின் பட்டணத்துக்கு வந்த பிறகு, சுற்றுவட்டாரம் முழுக்கப் பெண் குழந்தையின் அழுகை குறைந்துபோனது. பிறந்த பையன்கள் வளர்ந்து மீசை முறுக்கியபோது கட்டிவைக்கப் பெண் இல்லை. கல்யாணமாகாத ஆண்கள் உட்கார்ந்து சீட்டாட ஊர் ஆலமரத்து நிழல் போதவில்லை. அப்போதுதான் எங்களைக் கூட்டிவந்தார்கள். நான் ஜுன்மணி, அசாம். பின் தெரு சபிதா ஒடிசா. மேலும் நான்கு பேர், ஆளுக்கொரு திசை. ஊர் ஜனங்கள் எங்களுக்கு வைத்த பொதுப்பெயர் ‘வாங்கிட்டு வந்தவளுக.’ தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் ஆளுக்கொரு பாஷையில் சண்டை போடுவோம். பதேரி அக்கா எல்லா பாஷையிலும் வசவுகளை மட்டும் சுத்தமாகக் கற்றுக்கொண்டு நடுவர் வேலை பார்ப்பாள்.

நான் வந்த புதிதில் ஒரு நாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடிவிட்டேன். வழியில் தீவனம் அறுத்துக்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டாள். கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. அரிவாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பஸ்ஸு வர நேரமாகும். எங்க போற?”

“ஊருக்கு.”

“அங்க யாரு இருக்கா?”

 எங்கள் ஊரை ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. முதலில் பள்ளிக்கூடம், பிறகு எங்கள் தெரு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. தெரிந்த அரைகுறைப் பேச்சில் அவளுக்கு அதைச் சொன்னபோதுதான், போவதற்கு ஊரே இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

“அழறதா இருந்தா இங்கயே அழுது முடிச்சுடு,” என்றாள் அக்கா. “எரும முன்னாடி அழுதா பால் கொறையும்.”

பஸ் வந்து நின்றது. “நீ போப்பா, இவ வரல,” என்று டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டு, தன் தீவனக்கட்டில் பாதியைப் பிரித்து என் தலையில் ஏற்றினாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

போன கோடையில் என் மூத்தவள் ரீத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நல்ல இடம், நல்ல பையன். எனக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். இந்தப் பக்கம் பிள்ளை கல்யாணத்தன்று தாயின் பிறந்த ஊரிலிருந்து மாமன் சீர் வர வேண்டும். வாசலில் பலகை போட்டு அண்ணனை அதன்மேல் நிறுத்தி, தங்கை அவர் நெற்றியில் பொட்டு வைப்பாள். அவர் அவள் தலையில் புதுத்துணி போர்த்துவார். கூடப்பிறந்தவன் இல்லாவிட்டால் பிறந்த ஊரிலிருந்து எவனாவது வந்து நிற்பான். எனக்கோ ஊரும் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் சபிதா மகன் கல்யாணத்தில், போட்ட பலகை போட்டபடி கிடந்தது. யாரோ அதைச் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்தார்கள். சபிதா வைக்கோல் அறைக்குள் போனவள், மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பிப் போகும்வரை வெளியே வரவில்லை.

என் வீட்டுக்காரர் தரம்பால், “விடு, இதையெல்லாம் எவன் பாக்கப்போறான்?” என்றார். அவருக்கென்ன! தன் அக்கா வீட்டுப் பலகையில் மார்பை நிமிர்த்தி நின்றவர்.

மறுநாள் காலை பதேரி அக்கா வந்தாள்.

“வீட்ல வெல்லம் இருக்கா?”

“இருக்கு. எதுக்கு?”

“எடுத்துக்கிட்டு கெளம்பு. கேள்வி கேக்காத.”

ரத்தன்வாஸ் எல்லையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அக்கா தன் முக்காட்டைத் தள்ளிவிட்டாள். பிறந்த ஊரில் பெண்கள் முகத்தை மூடுவதில்லை. நான் என் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். அவள் சட்டென்று அதைப் பிடித்துப் பின்னால் எறிந்தாள்.

“பொறந்த ஊர்ல எவளாவது மூஞ்சிய மூடுவாளா?”

“எனக்கு எப்படிக்கா இது பொறந்த ஊரு?”

“இன்னிக்குப் பொறந்துருக்கேன்னு வெச்சுக்கோ. நட.”

வெயில் முகத்தில் பட்டது. அத்தனை வருஷம் தெருவில் முக்காட்டுத் துணி வழியாகவே பார்த்துப் பழகியவளுக்கு வேப்பமரம்கூட வேறு மாதிரி தெரிந்தது.

சாவடியில் ஊர்ப் பெரியவர்கள் ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சாந்த்கி அண்ணன். அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெல்லத்தை உடைத்து ஆளுக்கொரு துண்டு கையில் வைத்துக்கொண்டே போனாள். கல்யாணத்துக்கு மாமன் வீட்டை அழைக்க வெல்லம்தான் கொண்டுவருவார்கள். வாங்கித் தின்றுவிட்டால் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. அவர்களுக்கு அது தெரியும், சந்தோஷமாகவே வாயில் போட்டுக்கொண்டார்கள்.

“உன் சின்ன மகனுக்குப் பொண்ணு கெடச்சிருச்சா?” என்று மென்றுகொண்டே கேட்டார் சாந்த்கி அண்ணன்.

“தின்னுங்கண்ணே, சொல்றேன்.” எல்லோர் தாடையும் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு சொன்னாள். “இது ஜுன்மணி மக கல்யாணத்து வெல்லம். இவளும் இவள மாதிரி வந்த மத்த அஞ்சு பேரும் இன்னிலேர்ந்து ரத்தன்வாஸ் பொண்ணுங்க. நீங்கதான் அண்ணன் தம்பிங்க.”

மெல்லுவது நின்றது. சாந்த்கி அண்ணன் எழுந்துபோய் ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

“ஏமாத்தி ஊட்டுன வெல்லம் செல்லாது!”

“மத்தவங்க முழுங்கிட்டாங்களே!”

“எனக்குப் பல்லு கெடையாது,” என்றார் ஒரு கிழவர் பரிதாபமாக. “அது பாட்டுக்கு உள்ள போயிருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர் மகன் சோம்பீருக்கு முப்பது தாண்டியும் கல்யாணமாகவில்லை. முன்பெல்லாம் பெண் கொடுத்த ஊரில் பெண் எடுக்கமாட்டார்கள். பெண்ணுக்குப் பஞ்சம் வந்ததும் அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. என் சின்னவள் பிங்க்கியை சோம்பீருக்குக் கேட்கலாம் என்று அவர் ஜாடையாகப் பேச்சு விட்டிருந்தார். இங்கே மாமன் மகன் என்றால் கூடப்பிறந்த அண்ணனுக்குச் சமம். அவர் எனக்கு அண்ணனாகிவிட்டால் பிங்க்கி அவர் மகனுக்குத் தங்கை, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அவருக்கு மட்டுமல்ல. எங்கள் ஆறு பேர் வயிற்றில் பிறந்த பெண்களையும் அந்த ஊர்ப் பையன்கள் இனி அந்தக் கண்ணோடு பார்க்கமுடியாது.

“நம்ம ஊர்ல எத்தன பசங்க கல்யாணமில்லாம கெடக்கானுங்கன்னு தெரியுமா உனக்கு?” என்றார். “இருக்கிற நாலு கதவையும் நீயே சாத்துறியே புள்ள!”

“தெரியும்ணே. அதுக்கு இவளுக என்ன பண்ணுவாளுக? உங்க வீடுகள்ல பொண்ண வேணாம்னது இவளுகளா? எனக்குப் போதும்னு பேரு வெச்சுட்டு, இன்னிக்குப் பத்தலன்னு என் பக்கத்து வீட்ட எட்டிப் பாக்குறீங்க.”

“எந்த ஊரு, என்ன குலம்னு தெரியாதவள எப்படிம்மா தங்கச்சிங்கறது?”

“சரி, இந்த ஊர உண்டாக்குன ரத்தன் எங்கேர்ந்து வந்தான்? மணல்காட்டுப் பஞ்சத்துல ஒத்த மாட்டுவண்டியோட ஓடிவந்தவன்தான? அவன் பொண்டாட்டி எந்த ஊரு? சொல்லுங்க பாப்போம். அவளக் கும்புடுற திட்டுல போயி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வெளக்கு ஏத்துறீங்கள்ல, ஏத்தறப்ப கேட்டீங்களா என்ன குலம்னு?”

 அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் வரமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வரும்போது அக்கா ஆட்டோக்காரனைக்கூடத் திட்டவில்லை. அவள் பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணன் மனம் விட்டுப்போனால் நாளைக்கு அவள் சின்ன மகன் கல்யாணத்திலும் பலகை காலிதான். இருக்கிற ஒரே அண்ணனை எனக்காகப் பணயம் வைத்திருக்கிறாள். “எதுக்குக்கா இந்த வேல?” என்று கேட்டேன். “வாய மூடு,” என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை ரத்தன்வாஸிலிருந்து ஒரு பேச்சும் இல்லை.

கல்யாணத்தன்று அக்காவே பலகையைக் கழுவி எங்கள் வாசலில் போட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூரைமேல் நின்று ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் பொட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைக்கோல் அறை எந்தப் பக்கம் என்று எனக்கும் கண் போனது.

டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் கட்டிய வண்டி நிறையத் தலைப்பாகைகள். ஓட்டிவந்தவன் சோம்பீர். பக்கத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சாந்த்கி அண்ணன்.

நான் தட்டை வைத்துவிட்டுச் செம்பில் தண்ணீரோடு ஓடினேன். அது என் கால்களுக்குப் பழக்கமான வேலை. இங்கே கட்டிக்கொடுத்த தங்கை வீட்டில் அண்ணன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதனால் பதேரி அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம், தாகமெடுத்தால் அவர் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். எத்தனையோ கோடையில் என் கையால் செம்பு செம்பாக வாங்கிக் குடித்திருக்கிறார்.

அன்றைக்குக் கையை உயர்த்தித் தடுத்தார். “கொண்டுபோ உள்ள.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். 

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக் கத்தினார். “ஏ பதேரி! இவளுக்கு மூளை கீளை இருக்கா? வாழ்க்கப்பட்டு இத்தன வருஷமாச்சு. தங்கச்சி வீட்டுத் தண்ணிய அண்ணன் குடிக்கமாட்டான்னு இவளுக்கு யாரும் சொல்லலியா?”

எனக்குப் புரிவதற்குள் கூரைமேல் நின்ற பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள்.

“ஆறு வீட்டையும் ஒரே வெல்லத்துல அடைச்சுப்புட்டா உங்கக்கா,” என்று என்னிடம் முறையிட்டார். “இந்த ஊர்ல இனிமே நாங்க எங்க போயித் தண்ணி குடிக்கிறது? அதான் கையோட கொண்டாந்துட்டோம்.” வண்டியின் மூலையில் ஈரச்சாக்கு சுற்றி ஒரு டிரம் நின்றது. அப்போ இவர்கள் இங்கே வந்து யோசித்து முடிவெடுத்தவர்கள் இல்லை. அங்கேயே முடிவெடுத்து, குடிக்கத் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

சோம்பீர் இறங்கிவந்து என் காலைத் தொட்டான். “அத்தை,” என்றான். நிமிர்ந்து, வாசலில் நின்ற பிங்க்கியின் தலையில் கை வைத்தான். அந்தப் பிள்ளை எதை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சாந்த்கி அண்ணன் பலகையில் ஏறினார். நான் பொட்டு வைத்தேன். கண்ணீரில் சரியாகத் தெரியாமல் அதை மூக்குவரை இழுத்துவிட்டேன். “நேரா வைக்கத் தெரியல, இவளுக்குச் சீரு வேற,” என்று சொல்லிக்கொண்டே சிவப்புத் துணியை என் தலையில் போர்த்தினார். போர்த்திய கையை உடனே எடுக்கவில்லை.

பதேரி அக்காவைத் தேடினேன். ஊர் முழுக்க வாயாடிய அவள் டிரம் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு தம்ளரை முக்கி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“குடி ஜுனு. இது அவங்க குடிக்கக் கொண்டாந்ததுதான். ஆனா நமக்குத் தடையில்ல, பொறந்த வீட்டுத் தண்ணி.”

ரத்தன்வாஸ் தண்ணீர் எங்கள் ஊர்த் தண்ணீரைவிட உப்பு. நான் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.