கறுப்புத் துணியில் குத்திய குண்டூசிகள்

எனக்கு முன்னால் இருந்த கிளீனர்கள் இரண்டு பேரும் ராசியில்லாதவர்கள் என்று பஸ் முதலாளி முடிவு கட்டியதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மலை மேல் ஏலத் தோட்டத்தில் களை வெட்டினேன். மதுரையில் ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். மலைக் காய்ச்சலில் விழுந்து எழுந்து, பழனிசெட்டிபட்டியில் ஒரு மண்டி வாசலில் படுத்துக் கிடந்தபோது முதலாளி வந்து காலால் தட்டி எழுப்பினார்.

"எங்கயாச்சும் வேலை பாத்திருக்கியாடா?"

"நெறைய எடத்துல பாத்திருக்கேன் மொதலாளி."

"அப்ப ஒரு எடத்துலயும் நெலைக்கலன்னு சொல்லு. சரி, வா. வண்டிக்கு இடது பக்கத்தப் பாத்துக்கிறணும். அதான் வேலை."

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தைய காலம் அது. தேனிக்கும் கூடலூருக்கும் இடையே ஓடிய பஸ். முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் இன்ஜின் கிளம்பும். ஹேண்டில் அடிப்பது என்போம். அடித்துவிட்டு ஓடிவந்து இடது பக்கப் படியில் தொற்றிக்கொண்டு, வழி நெடுக, "வண்டி வருது, ஒதுங்கு" என்று கத்த வேண்டும். அந்த இடது பக்கம்தான் அடிக்கடி அடிபட்டது. வாழைத்தார் ஏற்றி நிற்கும் மாட்டு வண்டியின் அச்சு கிழிக்கும். சின்னமனூர்ப் பக்கம் ஒரு ஆடு செத்தது. இடது பக்கம் கிளீனர் பொறுப்பு என்பதால் கிளீனர் மாறினான். வலது பக்கமும் உரசாமல் இல்லை. அதற்கு எதிரில் வந்தவன் திட்டு வாங்கிக்கொண்டு போவான். நான் சேர்ந்த அன்று பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, இடது மட்கார்டில் ஒரு பிய்ந்த செருப்பையும் கட்டிவிட்டார்கள்.

டிரைவரை யாரும் சந்தேகப்படவில்லை. அவர் கண் அந்தப் பக்கமெல்லாம் பேர் போனது. நேர் ரோட்டில் எங்கோ புளியமரத்தடியில் கை காட்டும் ஆள் யாரென்று பெயர் சொல்லி வேகத்தைக் குறைப்பார். மலைச் சரிவில் மேயும் மாடு சினையா இல்லையா என்று டிரைவரைக் கேட்டால் தெரியும் என்று பயணிகள் கேலி பேசுவார்கள். அவரிடம் ஊர் கண்ட ஒரே குறை மண்டைக்கனம். காப்பிக் கடையில் பக்கத்தில் நின்று கும்பிட்டால் திரும்ப மாட்டார். வெற்றிலையை நீட்டினால் நீட்டிய கை அப்படியே நிற்கும்.

"பஸ் ஓட்டுறாகல்ல, நம்மளயெல்லாம் பாப்பாகளா?" என்பார்கள்.

ஒரு நாள் காலை கம்பத்தை விட்டுத் தேனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடது பக்க வயலில், வரப்பின் மேல் புல்லுக்கட்டோடு ஒரு பெண் ரோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள். படியில் நின்ற நான் பார்த்தேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். கட்டு கண்ணை மறைத்ததால் அவள்தான் பஸ்ஸைப் பார்க்கவில்லை. நான் கத்தினேன். எப்போதும் கத்துகிறவன் என்பதால் அந்தக் கத்தல் டிரைவருக்குத் தனியாகக் கேட்கவில்லை. வண்டி அதே வேகத்தில் போனது. மட்கார்டு புல்லுக்கட்டில் மோதி அவளைத் தூக்கி வாய்க்காலில் போட்டது.

புல்தான் அவளைக் காப்பாற்றியது. ஆனால் இடது கை முறிந்து தொங்கியது. நாங்கள் தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்தோம். அவளுக்கு வலியைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"உங்க டிரைவரு கண்ணப் பிடரியிலயா வச்சிருக்காரு?"

"நான் பாக்கலத்தா," என்றார் டிரைவர்.

தேனிக்குத் துணி எடுக்கப் போகும் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் முன் பெஞ்சில் இருந்தார். "பாக்கலையா? வண்டி பூராவும் பாத்துச்சே. வரப்புல அம்புட்டு தூரம் நடந்து வந்துச்சு அந்தப் புள்ள."

"எம் பிள்ளை மேல சத்தியமாப் பாக்கல ராவுத்தரே."

பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்கிறாரே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. பஸ்ஸில் யாரும் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

வழியில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பயணிகளைப் பஸ்ஸிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நானும் டிரைவரும் அவளை உள்ளே கூட்டிப்போனோம். நடையில் பாய் போட்டு நோயாளிகள் படுத்திருந்தார்கள். டிரைவர் ஒருவன் காலை மிதித்தார். அடுத்து ஒரு தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்தார். டாக்டர் அவள் கைக்கு மட்டை வைத்துக் கட்டியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும், "நீங்கதான் டிரைவரா? இப்படி வாங்க" என்றார். என்னையும் கூப்பிட்டார். "முதலாளிகிட்ட சொல்ல ஒரு சாட்சி வேணும்."

முதலில் சுவரில் மாட்டிய எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, இறங்க இறங்கப் பொடி எழுத்து. டிரைவர் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வாசித்தார். எனக்கு அந்த வரி வெறும் எறும்புச் சாரி. நான் தலை நிமிர்ந்தேன். எங்கள் டிரைவர் கண் அது.

டாக்டர் சிரிக்கவில்லை. டிரைவரைக் கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். என் கண்ணைத் தொட்டேன். பழுத்த திராட்சைபோல அமுங்கியது. அவர் கண் பச்சை அரைநெல்லி போலக் கெட்டியாக இருந்தது. விரலை உடனே எடுத்துவிட்டேன்.

பிறகு சுவரை மூடுகிற அளவுக்கு ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார். நடுவில் ஒரு வெள்ளைப் பொத்தான் தைத்திருந்தது. முதலில் என்னை எதிரே உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, பொத்தானை விட்டுப் பார்வையை எடுக்காதே என்றார். கறுப்புக் குச்சி நுனியில் ஒரு வெள்ளை மணி. அதைத் துணியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்த்துவார். மணி தெரிந்ததும் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் ஒரு குண்டூசி குத்துவார். எனக்குத் துணி போதவில்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் ஓரத்திலேயே தெரிந்தது.

டிரைவர் உட்கார்ந்தார். டாக்டர் இடது ஓரத்திலிருந்து மணியை நகர்த்தினார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஒரு சாண் வந்தது. இரண்டு சாண் வந்தது. டிரைவர் பொத்தானையே பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீக?" என்று கேட்டார்.

மணி நகர்ந்துகொண்டே இருந்தது. பொத்தானுக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான், "ஆங், இப்பத் தெரியுது" என்றார். மேலிருந்து, கீழிருந்து, வலமிருந்து, எங்கிருந்து வந்தாலும் அப்படித்தான். மற்றக் கண்ணும் அப்படித்தான். முடிந்ததும் பார்த்தால், அந்தப் பெரிய துணியின் நடுவில் குண்டூசிகள் ஒரு சோற்று வட்டில் அளவுக்கு வட்டமாக நின்றன.

டிரைவர் எழுந்து போய் அந்த வட்டத்தை விரலால் தடவினார். அப்புறம் ஓரத்தில் குத்திய என் ஊசிகளைத் தேடித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் இம்புட்டுத்தானய்யா தெரியும்?" என்றார்.

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்ததால், மூடியதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் செய்த சத்தியம் உண்மை. வண்டி பூராவும் பார்த்த பெண்ணை, வண்டி ஓட்டியவர் பார்க்கவே இல்லை.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். "தூரத்து ரோடு இந்த வட்டத்துக்குள்ள அடங்கிரும். அதனால நல்லாத் தெரியும். பக்கவாட்டுலருந்து வர்றது அடங்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "லைசென்சுக்கு எழுத்தை வாசிச்சாப் போதும். நானே எத்தனையோ டிரைவருங்களை வாசிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்தத் துணிய ஒருத்தருக்கும் விரிச்சதில்ல. நீங்க இனிமே ஓட்டாதீங்க."

வெளியே வந்தோம். டிரைவர் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பெண்ணையும் ஏற்றினார்கள்.

"தேனியில கொண்டு போயி விட்டுட்டு மொதலாளிகிட்டச் சொல்லிக்கிறேன். மெதுவாப் போவோம். நீ ஹேண்டில அடி," என்றார்.

வண்டி நிறைய ஆட்கள். அவருக்கு அந்த வேலையைத் தவிர வேறு பிழைப்பில்லை. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கைப்பிடியைச் செருகவில்லை. அவர் குனிந்து கியரைத் தொட்டுப் பார்த்தபோது, நான் நகர்ந்து இடது விளக்குக்கு வெளியே நின்றேன். மறைந்து நிற்கவில்லை. நல்ல வெயிலில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"ஏலே, எங்கன போயிட்ட?"

நான் பதில் சொல்லவில்லை. முன்பக்கக் கண்ணாடி வழியே அவர் பார்வை வெறும் ரோட்டைத் தேடியது.

"எங்கனடா போயிட்டான் இவன்?"

பஸ்ஸில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். முதலில் ராவுத்தர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "அல்லா, இம்புட்டு நாளும் இந்த வண்டியிலதான் எம் பேத்திகளக் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்று யாரிடமோ சொன்னார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காலடிச் சத்தம் கேட்டு டிரைவர் தலையைத் திருப்பினார். திருப்பியபோது நான் தட்டுப்பட்டேன்.

"அங்கனயேதான் நின்னியா?"

"ஆமாண்ணே."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கிவிட்டார்.

கம்பத்திலிருந்து வேறொரு டிரைவர் வரச் சாயங்காலமாகிவிட்டது. வண்டி கிளம்பியபோது எங்கள் டிரைவர் பயணிகள் பெஞ்சில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவரையே பார்த்தாள்.

"இப்பவாச்சும் நான் தெரியுறனா?" என்றாள்.

அவர் தலையை முழுக்கத் திருப்பினார். அவள் முகத்தைக் கண்டுபிடித்து, நெற்றியிலிருந்து மோவாய்வரை மெல்லப் பார்த்தார்.

"தெரியுதுத்தா," என்றார்.