எல்லை மேட்டுக் குறுக்குவழி

மூக்கனின் மூக்கு மூன்று முறை உடைந்தது. முதல் முறை ஒன்பது வயதில், அப்பன் வீசிய இடுப்புவாரின் கொக்கி பட்டு. இரண்டாம் முறை பதினேழில், ஆலை வாசலில் ஒருவனோடு கட்டிப் புரண்டபோது. அவனுக்கு இரண்டு விலா போனது, இவனுக்கு மூக்கு. மூன்றாம் முறை இருபத்திரண்டில், எல்லை மலையின் மேல், துப்பாக்கியின் பின்கட்டையால். அதற்கப்புறம் அது நேராகவே இல்லை. "அவன் மூக்கைப் பாத்து வழி கேட்டா ஊருக்கு வெளிய போயிடுவே" என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் காதுக்கு எட்டாத தூரத்தில்தான்.

அந்த நாளில் அவனும் அண்ணனும் சைக்கிளில் சிகரெட் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மலையைத் தாண்டுவார்கள். சோதனைச் சாவடியைத் தொடாமல் பைன் மரங்களுக்குள் போகும் ஒரு குறுக்குவழி. ஒரு பனிக்காலத்துக் காலையில், மேட்டின் மேல் இருந்த தட்டைப் பாறையருகே நாலு காவலர்கள் மறித்தார்கள். முகத்தைக் கம்பளித் துணியால் மூடியிருந்தார்கள். மூக்கன் ஒரே அடியில் மயங்கி விழுந்தான். கண் திறந்தபோது அண்ணனைக் குப்புறப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். கணுக்கால் இரண்டும் நொறுங்கியிருந்தன. அவர்கள் போனபின் அண்ணனைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து, தோளோடு கயிற்றால் கட்டிக் கீழே கொண்டுவந்தான். மூன்று நாள் ரத்தமாகவே சிறுநீர் போய், நாலாம் நாள் அண்ணன் செத்தான்.

அதன்பின் மூக்கன் எல்லைப் பக்கமே போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை போட்டான். வேலை சுத்தம், வளைந்த ரிம்மைக் கண்ணாலேயே பார்த்து நிமிர்த்துவான். ஆனால் கோபம் மூக்கு நுனியில், அதுவும் கோணல் மூக்கு. பிரேக் கம்பியைக் குறை சொன்ன ஒருவனைக் கடைக் கதவில் மோதி, காதைக் கிழித்திருக்கிறான். அவனைக் கட்டிக்கொண்டவள் மருத்துவமனையில் நர்ஸ். அவன் அடித்து அனுப்பியவர்களுக்குத் தையல் போடும் வேலையும் சில நாள் அவளுக்கே வந்து சேரும். கல்யாணமான முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "வெளிய நீங்க யாரோட வேணா முட்டிக்குங்க. என் மேலயோ பிறக்கப்போற பிள்ளை மேலயோ கை பட்டுச்சுன்னா, அன்னிக்கே கிளம்பிடுவேன்." இருபத்தாறு வருஷம் அவன் அந்தப் பேச்சைக் காப்பாற்றினான். வீட்டுக்குள் கோபம் வந்தால் கொல்லைச் சுவரைக் குத்துவான். அந்தச் சுவரில் காரை நின்றதே இல்லை.

மகள் ஒரு பயண நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பனின் கைவேலையும் அம்மாவின் அழுத்தமும் அவளுக்கு வாய்த்திருந்தன. அவள் போட்ட திட்டம்தான் அந்த மலைச் சைக்கிள் பயணம்: பன்னிரண்டு பேர், ஐந்து நாள், ஏரிக்கரையில் தொடங்கி, எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்குவது, மூட்டை முடிச்சுக்கு ஒரு வேன். வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு ஸ்பேனரை வைத்தாள்.

"எங்க ஏறணும், எங்க இறங்கணும், எல்லாம் நீங்கதான் சொல்லணும்ப்பா."

மூக்கனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் அவனிடம் ஒன்று கேட்டு வந்து வருஷங்களாகியிருந்தன. "இந்த ஏத்தத்த எட்டு மணிக்குள்ள முடிச்சிடணும். அப்புறம் எதிர்காத்து ஆளைத் தள்ளும். இந்த வளைவுக்கு முன்னாடி எல்லாரையும் நிறுத்தி பிரேக்கை ஆறவிடு. தண்ணி இங்க கிடைக்கும், அங்க கிடைக்காது." அவள் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். மேட்டின் மேல் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போனது.

"இது?"

"அது வழியில்ல."

"வழின்னுதான் போட்டிருக்கு."

"போட்டிருந்தா? ஒரு சைக்கிள் போகாது. விடு."

அவள் விட்டுவிட்டாள். அண்ணனின் சாவைப் பற்றி வீட்டில் யாருக்கும் முழுக்கத் தெரியாது. மலையில் விழுந்து செத்தார் என்பதோடு சரி.

பயணத்துக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்து வருவதென்று முடிவானது. வேன் டிரைவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டு, அப்பனும் மகளும் சைக்கிளில் எல்லையைத் தாண்டினார்கள். அந்தப் பக்கத்து வழிகாட்டி காத்திருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும்; கயிறு முறுக்கினாற்போல் உடம்பு, ஓயாத வாய்.

"வரைபடத்துல இருக்கறதெல்லாம் சும்மா. நான் ஒரு இடம் காட்டறேன் வாங்க, உங்க ஆளுங்க சொக்கிப் போயிடுவாங்க" என்று பைன் மரங்களுக்குள் சைக்கிளைத் திருப்பினார். மூக்கன் வேண்டாமென்று சொல்வதற்குள் மகளும் பின்னால் போய்விட்டாள்.

தட்டைப் பாறை அப்படியே இருந்தது. கீழே இரண்டு நாட்டுப் பள்ளத்தாக்குகளும் வெயிலில் விரிந்து கிடந்தன. மகள் படம் எடுக்க ஆரம்பித்தாள். வழிகாட்டி பாறையில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் இருபது வருஷம் எல்லைக் காவல்ல இருந்தேன் தம்பி. கள்ளச் சரக்கு கொண்டுவர்றவனுங்கள இங்கதான் மறிப்போம். சைக்கிள்காரனை எங்க அடிக்கணும் தெரியுமா? கணுக்கால்ல. நான்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் ஜென்மத்துக்கும் மிதிக்க மாட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மூக்கன் தன் சைக்கிளிலிருந்து இரும்புப் பம்பைக் கழற்றினான். முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் மகளுக்குக் கேட்டது. வழிகாட்டி பாறையிலிருந்து சரிந்தார். ஆனால் லேசுப்பட்ட ஆளில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவி மூக்கனின் முன்கையை முழங்கை வரை கிழித்தார். மூக்கன் அந்தக் கையை முழங்காலால் அழுத்தி, கத்தி கைநழுவும் வரை மணிக்கட்டை அடித்தான். பிறகு முகத்தில் அடித்தான். கண்ணில் அடித்தான். தோளெலும்பு பொடியும் வரை அடித்தான். வாயிலிருந்து என்ன வந்ததென்று அவனுக்கே தெரியாது. அண்ணனைக் கூப்பிட்டான் என்று மகள் பின்னால் சொன்னாள்.

அவள் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் யாரென்று பார்க்கவில்லை. முழங்கையை ஓங்கி வீசினான்.

அவள் விழுந்த சத்தத்துக்குத் திரும்பினான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. முன்பல் ஒன்றைக் கையில் துப்பி, அதையே பார்த்தாள்.

"அம்மாடி..."

"கிட்ட வராதீங்க. பம்பைக் கீழ போடுங்க."

போட்டான்.

அவள் தன் மேல்சட்டையைக் கழற்றி வழிகாட்டியின் முகத்தில் அழுத்திக் கட்டினாள். கத்தியையும் பம்பையும் பள்ளத்தில் எறிந்தாள். "நான் சாவடிக்குப் போய் ஆள் கூட்டிட்டு வரேன். இவர் செத்துட்டாருன்னா உங்களை அப்பான்னு கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அங்கே தனியாகக் கிடந்தார்கள். வெயில் சுட்டது. மூக்கன் கிழிந்த கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அண்ணனைப் பற்றிச் சொன்னான்: வயது, உடுப்பின் நிறம், வருஷம், காலை நேரம், செத்த நாள் எல்லாம். வழிகாட்டி ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு கேட்டார். உடைந்த தாடைக்குள்ளிருந்து பேச்சு குழறி வந்தது.

"ஞாபகம் இல்லப்பா. எத்தனையோ பேரு."

பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. மூக்கன் அழுதான். இருபத்தேழு வருஷமாக ஒரு நாளும் மறக்காததை, செய்தவன் ஒரு நாள்கூட நினைக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல் கிடந்தது. அதை எடுக்கத் தோன்றியது, எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்து நீதிமன்றம் அவனுக்குப் பதினான்கு மாதம் கொடுத்தது. வழிகாட்டிக்கு இடது கண் போய்விட்டது. ஏன் அடித்தான் என்று நீதிபதி கேட்டதற்கு, வழிகாட்டி "தெரியாது" என்றார். சிறையில் மூன்றாம் நாளே, தங்கள் நாட்டுக்காரரை அடித்த அந்நியன் என்று நாலு பேர் சேர்ந்து மூக்கனைக் குளியலறைத் தரையில் போட்டு மிதித்தார்கள். அவன் கை தூக்கவில்லை.

மனைவி ஒரே ஒருமுறை பார்க்க வந்தாள். கம்பிக்கு அப்பால் நின்று அண்ணன் கதை முழுவதையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பாப்பா மேல தெரியாமத்தான் பட்டுச்சு."

"தெரிஞ்சு பட்டாலும் தெரியாம பட்டாலும் பல்லு பல்லுதானே. நான் ஆஸ்பத்திரி குடியிருப்புக்குப் போயிட்டேன். வீட்டுச் சாவி கடைக்குள்ள இருக்கு."

பயணம் நின்றுபோகவில்லை. இரண்டு மாதம் தள்ளி, வேறொரு வழிகாட்டியை வைத்து, மகளே முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

மூக்கன் வெளியே வந்து கடையைத் திறந்த இரண்டாவது வாரம், வேன் வந்து வாசலில் நின்றது. மகள் பன்னிரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். புதிதாக வைத்த பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள வேணும். எல்லாத்துக்கும் பிரேக் கட்டை மாத்தணும். ரெண்டுல செயின் தேஞ்சிருக்கு."

"செஞ்சு வைக்கிறேன்."

"வேற கடையில கேட்டேன். ரிம் கோணல் எடுக்கத் தெரியல அவங்களுக்கு." வந்ததற்கு அதுதான் காரணம் என்பதுபோல் சொன்னாள்.

அவன் முக்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை. முதல் சைக்கிளை அவன் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றியபோது, கைக்கெட்டாத தூரத்தில், கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.