மர்ஜானாவின் சோதனைச் சுற்று

மர்ஜானாவுக்குப் பக்கவாதம் வந்தபின் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் அவர்கள் வீடு. கணவர் ஹாஃபிஸ் நல்ல மனிதர்; அளவுக்கு மீறி நல்லவர், அதுதான் சிக்கல்.

கால் சீக்கிரமே தேறியது. வலது கைதான் முரண்டு பிடித்தது; விரல்கள் மடங்கியே கிடந்தன. பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். இடது கையால் சாப்பிட மனமில்லாததால் மேசைக்கே வரமாட்டார். ஹாஃபிஸ் அறைக்குள் தட்டைக் கொண்டுபோய் ஊட்டினார். இப்படியே விட்டால் கை திரும்பாது என்று மர்ஜானாவிடம் நேராகவே சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் தோழி வள்ளியம்மா மடிக்கணினியோடு வந்தார். இருவரும் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துக் கணினித் தொழிற்சாலை ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள். பெட்டியில் போடும் முன் ஒவ்வொரு கணினியையும் சோதிப்பது அவர்கள் வேலை. அதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: கார் பந்தய விளையாட்டை ஏற்றி ஒரு சுற்று ஓட்டுவது. திரை, விசைப்பலகை, சத்தம் மூன்றின் பழுதும் அதிலேயே தெரிந்துவிடும். சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை, சாப்பாட்டு வேளையில் அவரும் ஓட்டுவாராம்.

அதே விளையாட்டைத்தான் வள்ளியம்மா தேடிப் பிடித்து ஏற்றியிருந்தார். மர்ஜானா விசையைத் தொட்டதும் திரையில் கார் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"ஆலாமாக்! இது காரா, ராக்கெட்டா?" என்றார் மர்ஜானா.

"புது மெஷின் லா. மெஷின் வேகத்துக்கு இந்தப் பழைய கேமும் ஓடுது. இரு, குறைக்கிறேன்."

மர்ஜானா இடது கையை விசைமேல் வைத்தார். நான் சமையலறையிலிருந்து சூடான பாத்திரம் பிடிக்கும் தடித்த கையுறையை எடுத்துவந்து நீட்டினேன். நல்ல கையைச் சும்மா வைத்தால்தான் மற்றது வேலை செய்யும்.

"ஒரு சுற்றுக்கு மட்டும் போட்டுக்கம்மா."

"அக்கா, நீங்க போலீஸ்ல இருந்தீங்களா?" என்றபடியே இடது கையை அதற்குள் நுழைத்தார்.

வலது கையின் இரண்டு விரல்களால் தட்டுத்தடுமாறி ஓட்டினார். ஆனாலும் வளைவுகளைச் சுலபமாகவே கடந்தார். வள்ளியம்மா கைதட்டினார். மர்ஜானா சட்டென்று நிறுத்தினார்.

"வள்ளி, என்னையே ஏமாத்துறியா? எஞ்சின் சத்தமே வேற. இது மாட்டு வண்டி. அப்ப ஓட்டுன நம்ம வேகத்துக்கு வை."

"முதல்ல கை சரியாகட்டும்டி."

"நான் என்ன நோயாளியா?"

"ஆமா," என்றேன் நான்.

"வேகத்தைக் கூட்ட எந்த பட்டன்?"

விசைப்பலகையின் கீழ் வரிசையில் ஒன்று, மேல் வரிசையில் ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். வள்ளியம்மா காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "முடிஞ்சா நீயே அமுக்கு."

மர்ஜானா கட்டைவிரலைக் கீழே ஊன்றினார். ஆள்காட்டி விரல் மெல்ல நிமிர்ந்து மேலே ஊர்ந்தது. வாரக்கணக்கில் நான் கெஞ்சியும் விரியாத விரல் அது. கை இடிக்காதபடி நான் தேநீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன்.

அழுத்தினார். சத்தம் கூடியது. மறுபடியும், மறுபடியும்.

"ம், இதுதான்!"

முதல் வளைவிலேயே கார் நொறுங்கியது. மூவரும் சிரித்த சிரிப்பில் ஹாஃபிஸ் மாடிப்படி ஏறி ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"கார் போச்சு," என்றார் மர்ஜானா. "பசிக்குது. தட்டை மேசையிலேயே வைங்க. ஊட்ட வேணாம்."

வலது கையால் பிசைந்தார். சோறு பாதிக்கு மேல் மேசையில் சிந்தியது, நான் துடைத்தேன்.

"சோத்தையே பிடிக்கத் தெரியல, இவ அந்த வேகத்துல கார் ஓட்டப் போறாளாம்," என்றார் வள்ளியம்மா.

மர்ஜானா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "நாளைக்கு வாடி. அந்தக் கையுறையை நீ போட்டுக்கிட்டு ஓட்டு, பாக்கலாம்."