கடைசி வள்ளத்தைத் தவறவிட்ட துறை

பூநகரியில் எங்கள் பழைய இறங்குதுறையைத் திருத்துவதற்குக் கூட்டம் வைத்தார்கள். ஒருவர் விளக்குக் கேட்டார், இன்னொருவர் இருக்கக் கதிரை கேட்டார். "நுனியில இருக்கிற அந்தப் பழைய பலகையை மட்டும் விட்டு வையுங்கோ" என்று நான் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. இந்த வயதில் செருப்புக் கதை சொன்னால் சிரிப்பார்கள்.

என் தங்கச்சி கலியாணம் முடித்துப் போனது கடலுக்கு அந்தப் பக்கம். அப்போது பாலம் இல்லை. காலையில் வள்ளத்தில் வந்தால் பின்னேரம் கடைசி வள்ளத்தில் திரும்ப வேண்டும். அது புறப்படுகிற நேரம் பார்த்து அவளுடைய செருப்பில் ஒன்று காணாமல் போகும். அந்தப் பலகைக்கு அடியில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. அதற்குள் தானே செருகிவிட்டு, துறை முழுக்கத் தேடுவாள். நானும் தேடுவேன். வள்ளக்காரர் "பிள்ளை, வாறீரோ இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பார். அவருக்கும் எல்லாம் தெரியும். வள்ளம் தவறிவிட்டது என்றால் அவளுடைய மாமியாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. மறுநாள் காலை வரைக்கும் அவள் எனக்குத்தான்.

போன மாதம் துறையைத் திறந்தார்கள். சீமெந்துத் தளம், விளக்கு, கதிரை எல்லாம் வந்துவிட்டன. என் பலகையையும் விட்டுவைத்திருந்தார்கள்தான், கழற்றி, வார்னிஷ் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள். எனக்குக் கோபம் வந்தது. கேட்டது நான்தானே, யாரை ஏசுவது.

தங்கச்சியும் பார்க்க வந்தாள், பாலத்தால் பஸ்ஸில். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியபோது அதில் ஒன்றைக் காலால் இழுத்து என் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, என்ர மற்றச் செருப்பைக் கண்டனீங்களோ?"

"இல்லையே."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பழையபடி துறை முழுக்கத் தேடினாள். பஸ் போய்விட்டது. புட்டுக்கு மா இருக்கிறதா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. மகன். பஸ் தவறியதைக் கேட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் வந்து நின்றான்.

"பெரியம்மா, இனி அம்மாவுக்கு பஸ் தவறினாலும் யோசிக்காதேங்கோ. எந்த நேரமெண்டாலும் நான் வருவன்."

நல்ல பிள்ளை. நான் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே, அவனுக்குக் கேட்காமல் தங்கச்சி சொன்னாள்:

"செருப்பையில்லை அக்கா, போனை எல்லோ ஒளிச்சிருக்க வேணும்."