அடை தெளியாத கோழி

அரசாங்கத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் என்ற முறையில், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவர்களை எழுப்ப என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். விளக்கம் கேட்கலாம், குறிப்பாணை அனுப்பலாம், நாற்காலியையே எடுத்துவிடலாம், கடைசியில் மாற்றல் இருக்கவே இருக்கிறது. இத்தனைக்கும் ஆளாகி எதற்கும் அசையாத ஒரே ஒரு ஜீவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பணியில் சேர்வதற்குப் பல வருஷம் முன்பு, மந்தைவெளியில். அது ஒரு கோழி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கீழ்ப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார மாமியும் அவருடைய ஒரே மகளும். மாமியின் கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்குப் பதினைந்து வயது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். டைஃபாய்டில் விழுந்து எழுந்து, தலைமுடி கொட்டி, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு நின்றாள். தினம் ஒரு முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்க வேண்டும், இன்னொரு காய்ச்சலை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமி வெங்காயத்தையே அளந்து பார்த்து அனுமதிப்பவர். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு தீர்ப்போடு படியிறங்கி வந்தார். சேவலே இல்லாத இடத்தில் கோழி போடும் முட்டையில் உயிர் கிடையாது. உயிர் இல்லாதது மாமிசம் ஆகாது. ஆகவே மருந்தாகக் கொள்ளத் தடையில்லை. பிற்காலத்தில் நான் எத்தனையோ சட்டக் கருத்துரைகளைப் படித்தேன். இவ்வளவு கச்சிதமானது ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை.

அம்மாவுக்குக் கொல்லையில் கோழி வளர்க்க அனுமதி கிடைத்தது. இரண்டு நிபந்தனைகள். கடை முட்டை கூடாது, அதன் பூர்வோத்திரம் யாருக்குத் தெரியும்? சேவல் எக்காரணத்தைக் கொண்டும் வாசல் தாண்டி வரப்படாது. விடியற்காலையில் கூவினால் மாமியின் ஜபம் கெட்டுவிடும் என்பதற்காகத்தான் இந்த இரண்டாவது நிபந்தனை என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு காரணத்தை ஒன்பது வயதுப் பையனுக்கு எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் யாரும் முன்வரவில்லை.

சித்தப்பா சைதாப்பேட்டையிலிருந்து ஒரு செவலைக் கோழி வாங்கி வந்தார். காலையில் அக்கா கணக்குப் புத்தகத்தோடு கீழே வருவாள். எங்கள் சமையலறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் காலி செய்வாள். மாமி மேல்படியில் நின்று “ஆச்சா?” என்பார். “ஆச்சு மாமி” என்பாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாதத்தில் அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. மாடிப்படியை நிற்காமல் ஏறினாள்.

அப்போதுதான் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அடை தெளிந்து எழும்வரை இனி முட்டை கிடையாது.

வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் விறகு இடுக்கில், எங்களுக்குத் தெரியாமல் மூன்று முட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது. எத்தனை நாள் முட்டையோ, நோயாளிக்குக் கொடுக்க முடியாது. அம்மா அவற்றை எடுத்து அப்பால் வைத்தாள். கோழி வெறும் தரையில் உட்கார்ந்தது. அங்கே விறகை அடுக்கி அடைத்தாள். கோழி என் ரப்பர் பந்தின்மேல் உட்கார்ந்தது. பந்தைப் பிடுங்கினேன். அப்பாவின் பாலிஷ் பிரஷ்ஷின்மேல் உட்கார்ந்தது.

பிறகு நடைமுறைகள் தொடங்கின. மூன்று வேளை வாளித் தண்ணீரில் கழுத்துவரை முக்கினார்கள். சொட்டச் சொட்ட நடந்து போய் மறுபடி உட்கார்ந்தது. அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்காகச் செருகினால் அடை தெளிந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். சித்தப்பா செருகினார். பெரிய மீசை வைத்த காவல்காரரைப் போல அது எங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. காலில் கயிறு கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். கயிறு எட்டிய தூரத்தில், துவைக்கிற கல்லின் நிழலில் உட்கார்ந்தது. மாடியிலிருந்து மாமியின் குரல் தினமும் கேட்டது. “எழுந்துதா?” “இல்ல மாமி.”

நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அதனிடம் போவேன். கொண்டை வெளுத்துவிட்டது. நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கி அடியில் மெத்தை போட்டிருந்தது. ஒருநாள், அது கொத்துவதையும் பொருட்படுத்தாமல் அதன் வயிற்றுக்கு அடியில் கையை விட்டேன். இறகில்லாத வெற்றுத் தோல். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் சிமெண்ட். ஒன்றுமே இல்லாததற்கு இவ்வளவு சூடா? கோயிலில் தீபாராதனையின்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி நானும் போட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். அடைத்த விறகை ஒதுக்கி, கோழியைப் பழைய இடுக்கிலேயே விட்டு, எடுத்து வைத்த அந்த மூன்று முட்டைகளையும் மறுபடி அதன் அடியில் தள்ளிவிட்டாள்.

நாட்கள் போயின. அக்கா திரும்பவும் இளைத்தாள். கடையில் முட்டை வாங்கி நம் கோழியுடையது என்று கொடுத்துவிட்டால் என்ன என்று சித்தப்பா கேட்டார். அம்மா அவரை முறைத்தாள். “நம்மள நம்பிப் புள்ளைய அனுப்புதாங்க. அது நமக்கு ஆகாது” என்றாள். சித்தப்பாவுக்கு அடுத்த யோசனை வந்தது. அடைக்கோழிக்குக் கையில் குஞ்சைக் கொடுத்துவிட்டால் அடை இறங்கிவிடும் என்பது அது. உண்மைதான். குஞ்சைக் கொடுத்தால் இரண்டு மாதம் அது குஞ்சைத்தான் மேய்க்கும், முட்டை போடாது என்பதும் உண்மை. விதியின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு உத்தரவு போடுகிறவர்களை நான் பிற்காலத்தில் நிறையப் பார்த்தேன். முதலில் பார்த்தது சித்தப்பாவை.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில், நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா குஞ்சு பொரிக்கும் பண்ணையிலிருந்து வாங்கி வந்த மூன்று குஞ்சுகளைக் கோழிக்கு அடியில் செருகிவிட்டு, மூன்று முட்டைகளையும் எடுத்துப் புதைத்துவிட்டார். கொண்டு வந்ததும் மூன்று, எடுத்ததும் மூன்று. தணிக்கைக்காரன்கூடக் குறை காண முடியாது. எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் தெருவெல்லாம் பரப்பிவிடுவேன் என்பது அவர்கள் கவலை.

காலையில் விறகு இடுக்கிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். கோழியின் சிறகுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. கோழி நான் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் அவற்றோடு பேசிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு நாள். தண்ணீர், இறகு, கயிறு, வெயில். கடைசியில் ஜெயித்துவிட்டது. நான் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அதற்கப்புறம் பல பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து நின்றிருக்கிறேன், மண்டி போட்டதில்லை.

எழுந்ததும் நேரே மாடிக்கு ஓடினேன். மாமி துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமி, நம்ம கோழி குஞ்சு பொரிச்சிட்டு.”

செம்பு நின்றது. “என்னடா சொல்றே?”

“மூணு முட்டை, மூணு குஞ்சு. ஓடு உடைஞ்சு வெளிய வந்துது மாமி. நான் பாத்தேன்.”

ஓடு உடைவதை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லி முடித்த நேரத்தில் பார்த்தே இருந்தேன்.

மாமி செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துக் கீழே வந்தார். ஒருநாளும் எங்கள் கொல்லைக்குள் காலெடுத்து வைக்காதவர், விறகு இடுக்கின் முன்னால் வந்து நின்றார்.

“அப்போ அதுல உயிர் இருந்திருக்கு” என்றார் அம்மாவிடம். “ஒரு மாசம் அதைத்தானே கொடுத்திருக்கேன்.”

அம்மா பதறிப்போனாள். “ஐயோ, இது வாங்கிட்டு வந்த குஞ்சு மாமி. தம்பிதான் பண்ணையிலேருந்து கொண்டாந்தான். சொல்லேன் தம்பி.”

“ஆமா மாமி, சத்தியமா” என்றார் சித்தப்பா. “மதினிக்குத் தெரியும். நான்தான் வச்சேன்.”

“என் மனசு ஆறணும்னு சொல்றேள்” என்றார் மாமி. “அடுத்த சந்துல மீன்காரி ஆத்துல ஒரு சேவல் இருக்கு. அது சுவரேறிக் குதிக்கறதை நானே பார்த்திருக்கேன். அன்னிக்கே எனக்குத் தோணித்து. தோணினதை ஒதுக்கிட்டேன். கொழந்தை பார்த்தேன்கறானே, அவன் எதுக்குப் பொய் சொல்லப்போறான்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. “ஏலே, நெசமாவே பாத்தியா?”

“பாத்தேன்” என்றேன். பெரியவர்கள் ஏன் இப்படிப் புளுகுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பண்ணையாம், வாங்கினார்களாம். முப்பத்தெட்டு நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்று அந்தக் கொல்லையில் அந்தக் கோழியை நம்பியவர்கள் இரண்டே பேர்தான், மாமியும் நானும்.

இரண்டு நாள் மாமி கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவும் மாமியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து மேலே கொண்டுபோனார்கள். கீழே இறங்கி வந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடையில் தானே வாங்கி வருவதாக மாமியிடம் சொல்லிப் பார்த்தாளாம்.

கொஞ்ச நேரத்தில் மாமி கீழே வந்தார். தலைக்குக் குளித்து ஈரத் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்து, “அது எங்கே விக்கறான்னு தெரியுமாடா ஒனக்கு? எங்கூட வா” என்றார்.

“நான் போயிட்டு வாரேன் மாமி, நீங்க எதுக்கு?” என்றாள் அம்மா.

“பாவம்னு தெரியாதவரைக்கும் ஒன் கையால வாங்கிண்டேன். தெரிஞ்சப்பறம் ஆள் விட்டு வாங்கப்படாது.”

மார்க்கெட் வரை நடந்தோம். வழியில் மாமி ஒன்றே ஒன்று கேட்டார். “தண்ணியில முக்கினப்பறமுமா போய் உட்கார்ந்துது?” நான் உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கில் செருகிய இறகு, கல்லின் நிழல், வயிற்றுச் சூடு. மாமி கேட்டுக்கொண்டே நடந்தார்.

கடைக்காரர் உமி பரப்பிய கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாமியைப் பார்த்ததும் வழி தப்பி வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார். “காய்க்கடை அந்தாண்ட கீது மாமி.”

“முட்டை ஆறு வேணும்” என்றார் மாமி.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெரு.

“இன்னா மாமி, நீயா வந்துகிற? யாருக்கு?” கடைக்காரருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“எங்காத்துக்குத்தான்.”

கடைக்காரர் கூடையை முன்னால் இழுத்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். மாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கையில் மடித்து வைத்திருந்த துணிப்பையை விரிக்கவே இல்லை. வந்த வழியே, தெரு நடுவில், இரண்டு கையிலும் அந்தப் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு நடந்தார். எங்கள் தெரு மனுஷி சாமானைக்கூட வாங்காமல் பின்னாலேயே வந்தாள். மாமி திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு பிள்ளையார் உண்டு. அந்த இடத்தில் மாமி நின்று தலையில் குட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. அன்றும் நின்றார். பிள்ளையார் அருகே போகாமல், தெருவின் இந்தப் பக்கத்திலேயே நின்றார்.

“கையில குடுங்க மாமி, நான் வச்சிக்கிடுதேன். நீங்க கும்பிடுங்க” என்றேன்.

“வேண்டாம். கையில இருக்கறதை அவரும் பார்க்கட்டும்.”

வெகுநேரம் அப்படியே நின்றார். அவர் உதடு அசைந்தது. நான் பக்கத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் கீழே போட்டுவிடுவேன் என்றுதான் மாமி பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் அதுநாள்வரை ஒரு முட்டையைக்கூட நான் உடைத்ததில்லை.